கல்வரிசைக்கு உள்ளே உமரி

பெல்டன் நகராட்சியில் இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் நான் கொண்டுவந்த ஒரே சீர்திருத்தம் மஞ்சள் தாள். கட்டட அனுமதிப் பிரிவின் கவுன்டருக்கு யார் வந்து எதைக் கேட்டாலும், அவர் பெயர், மனை எண், கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் அந்த நிமிடமே எழுதி அந்த மனையின் ஃபைலில் போட்டுவிட வேண்டும். "நீதானே போன வருஷம் கட்டிக்கச் சொன்னே" என்று கூசாமல் புளுகுகிற ஊர் இது. மஞ்சள் தாள் வந்த பிறகு ஒருவரும் என்னிடம் வாலாட்டவில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது. இப்போது இல்லை.

கடற்கரை விதிப்புத்தகத்தைச் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கடல் எதுவரை, ஊர் எதிலிருந்து, நடுவில் எத்தனை அடி சும்மா விட வேண்டும் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் சாரம். மற்றதெல்லாம் வக்கீல்களுக்கான தீனி. ஆறாயிரம் பேர் இருக்கிற ஊர் இதற்கென்று விஞ்ஞானியையா வைத்துக்கொள்ள முடியும்? வெளியிலிருந்து ஒரு கன்சல்டன்டை அமர்த்துவோம். போன முறை வந்தவர் சியாட்டிலில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, விமானப் படத்தைப் பார்த்துக் கோடு போட்டு அனுப்பிவிட்டார். அந்தக் கோட்டை நம்பித்தான் இத்தனை வருடமும் பெர்மிட் கொடுத்தேன்.

இந்த முறை ஆள் தேடி விளம்பரம் கொடுத்த வாரம், சாமான் கடையில் ஆர்விட் சுன்ட்பி என்னைப் பிடித்துக்கொண்டார். எண்பத்தோரு வயது. முப்பத்தைந்து வருடம் படகுச் சேவையில் இன்ஜின் அறையில் இருந்தவர், அதனால் எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவார். கடற்கரைச் சாலை 418-ல் அவர் வீடு. மனைவி சோல்வே இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"ரோடா! கன்சல்டன்டாமே, யாரை எடுக்கப் போறே?"

"இன்னும் முடிவாகல, ஆர்விட். கடைக்கே கேக்குது, மெதுவாப் பேசுங்க."

"கேக்கட்டும். படம் போட்டுக் காட்டுறவனை எடுக்காதே. போன தடவை வந்தவன் கடலைப் பாத்திருந்தா நான் என் தொப்பியைத் தின்னுறேன். பூட்ஸ் நனையுற ஆளா எடு. நம்ம கரையில நடந்து பாக்கணும், அவ்வளவுதான் நான் கேக்கறது."

அவருக்கு அதில் ஒரு அவசரம் இருந்தது. வீட்டின் வடமேற்கு மூலையில் அஸ்திவாரம் இற்றுப்போயிருந்தது. புது அஸ்திவாரம் போட பெர்மிட் கேட்டு மனு கொடுத்திருந்தார். கடல் கோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஐம்பது அடி இருந்தால்தான் கொடுக்கலாம். பழைய கோட்டின்படி எழுபது அடி இருந்தது. ஆனால் புதுக் கோடு வரும்வரை பொறுக்கச் சொல்லியிருந்தேன். அஸ்திவாரம் இல்லையென்றால் அந்த வீட்டில் இன்னொரு குளிர்காலம் இருக்க முடியாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். ஆர்விட்டின் மகள் மலைக்கு அந்தப் பக்கம், யாக்கிமாவில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறாள். அங்கே போவதற்குப் பதில் என்னைக் கழுத்தில் கல்லைக் கட்டிக் குடாவில் தள்ளிவிடுங்கள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு கம்பெனிகள் வந்தன. முதலாவது பெரிய கம்பெனி. ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி நீலச் சட்டை. அவர்கள் கொடுத்த புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் 'பெல்டன்' என்று இருக்க வேண்டிய இடத்தில், கடலே இல்லாத ஒரு கிழக்குப் பக்கத்து ஊரின் பெயர் இருந்தது. பொதுப்பணித் தலைவர் வெண்டெல் அதைப் பார்த்தும் அசரவில்லை.

"ஒரு பேரு மாறினா என்ன ரோடா? ஜூனுக்குள்ள முடிச்சுக் குடுக்கறாங்க. தலைவலி விட்டுது."

இரண்டாவதாக வந்தவள் டெஸ் ஒகமூரா. டகோமாவிலிருந்து தனியாக வந்தாள். படம் ஒன்றும் காட்டவில்லை. "இந்தக் குளிர்காலத்துல கடல் ரொம்ப மேல ஏறுற பெரிய ஓதம் என்னைக்கு? அன்னைக்கு நான் இங்க இருக்கணும்" என்றுதான் முதலில் கேட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் காரின் பின் சீட்டில் சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ் கிடந்தது. நான் வெண்டெலோடு மல்லுக்கு நின்று, மதிப்பெண் தாளில் அவளுக்கு அள்ளிப் போட்டு, அவளையே அமர்த்தினேன். நல்ல காரியம் செய்தேன் என்று அன்று நினைத்தேன். அதையேதான் இன்றும் நினைக்கிறேன், என்ன கொடுமை என்றால்.

ஜனவரியில், பெரிய ஓதம் வந்து வடிந்த காலையில், டெஸ்ஸும் நானும் கரையோரமாக நடந்தோம். மிதந்து வந்த மரக்கட்டைகள் எங்கே ஒதுங்கியிருக்கின்றன, கல்லில் கறை எதுவரை, உப்புச் செடிகள் எதுவரை என்று பார்த்துப் பார்த்து ரோஸ் நிறக் கொடி நட்டுக்கொண்டே வந்தாள். 418-ல் கட்டைகள் இல்லை. ஆர்விட் வருடாவருடம் அவற்றை அறுத்து அடுப்புக்குப் போட்டுவிடுவார். இருந்தது உமரி மட்டும்தான், உப்புநீர் ஏறுகிற மண்ணில் தானாக முளைக்கிற செடி. கடலுக்கும் புல்வெளிக்கும் நடுவே ஆர்விட் அடுக்கிய கல்வரிசையைத் தாண்டி, உள்ளே புல்வெளியில், அந்தக் குட்டைச் செடி குளிரில் சிவந்துபோய்ப் படர்ந்திருந்தது. அதன் மேல் ஓரத்தில் டெஸ் கொடியைக் குத்தினாள். வாசல் படியிலிருந்து பதினான்கு அடி.

ஆர்விட் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தவர், கொடியைப் பார்த்ததும் சிரித்தே விட்டார்.

"அம்மா தாயே, அது என் பெண்டாட்டி போட்ட தோட்டம்! கடல் எங்க, இது எங்க!"

"நட்டாங்களா?" என்றாள் டெஸ்.

"பின்னே? ஊறுகாய் போடறதுக்கு. எனக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆன வருஷம் கொண்டுவந்து வெச்சா. அப்புறம் வருஷா வருஷம் பாத்தியை வீட்டுப் பக்கமா நீட்டிக்கிட்டே வந்தா. எனக்குப் புல் வெட்டற வேலை மிச்சம்."

டெஸ் நியாயமானவள். நட்ட செடி சாட்சி ஆகாது, நட்டதற்கு ஏதாவது பேப்பர் காட்டினால் இந்தக் கொடியைப் பிடுங்கிவிடுகிறேன் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆபீஸ்ல ஏதாவது இருக்குமா?"

எனக்கு அப்போதே ஞாபகம் வந்துவிட்டது. "பாக்கணும்" என்றேன். அந்தப் பச்சைப் பொய்யை அவ்வளவு சுலபமாகச் சொல்ல வந்தது எனக்கே வியப்பாக இருந்தது. நான் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஆர்விட் மறந்துவிடுவார், டெஸ் வேறு ஏதாவது அடையாளத்தைக் கண்டுபிடிப்பாள், எப்படியாவது அது என் கையை விட்டுப் போய்விடும் என்று மூன்று மாதம் கிடந்தேன்.

ஏப்ரலில் புதுக் கோட்டின் வரைபடம் வெளியானது. அடுத்த நாளே ஆர்விட் கவுன்டருக்கு வந்தார். கையில் எங்கள் நகராட்சியின் பதிவேடு கோரும் படிவம். தன் மனை சம்பந்தமாக நகராட்சியிடம் இருக்கிற ஒவ்வொரு தாளும் வேண்டும் என்று பெரிய பெரிய எழுத்தில் நிரப்பியிருந்தார்.

"எதுக்கு ஆர்விட், எல்லாத் தாளும்? நூத்துச் சொச்சம் பக்கம் வரும்."

"வரட்டும். சோல்வேயை உனக்குத் தெரியாதா? தபால் பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கறதுக்கே இங்க வந்து கேட்டுட்டுத்தான் அடிச்சா. கடல் செடியை வைக்கிறதுக்கு முன்னாடி கேக்காம இருந்திருப்பாளா? உன்னோட அந்த மஞ்சள் தாள்ல இருக்கும் பாரு. நீ எதையும் விட மாட்டியே, கழுகு!"

கண்ணடித்துவிட்டுப் போனார். படிவம் வாங்கினால் ஐந்து வேலை நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு தாளைக்கூட மறைக்கக் கூடாது.

ஃபைலை எடுத்தேன். தாள் அங்கேயே இருந்தது, பத்து வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்தில்.

'அக்டோபர் 9. திருமதி சுன்ட்பி, மனை 418. கல்வரிசைக்கு உள்ளே உமரி தானாக முளைத்திருப்பதாகச் சொல்கிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். உப்புநீர் உள்ளே வருகிறது என்று சொன்னேன். வீட்டை அடைய எத்தனை வருடம் என்று கேட்டார். பத்து, பன்னிரண்டு என்றேன். கணவருக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம். இப்போது அவரிடம் சொல்ல வேண்டாம் என்கிறார். தான் நட்டதாகச் சொல்லிக்கொள்வாராம். மேல் நடவடிக்கை தேவையில்லை.'

சொல்ல வேண்டாம் என்று ஒருத்தி குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டே, அதையும் சேர்த்து எழுதி, உலகத்தில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டிய ஃபைலில் போட்டிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தாள் அரைக்கும் இயந்திரம் என் மேஜையிலிருந்து ஆறு எட்டு வைக்கிற தூரத்தில் இருக்கிறது. நான்கு நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, நட்டதாக வேறொரு மஞ்சள் தாள் எழுதி வைத்தால் டெஸ் கொடியைப் பிடுங்கிவிடுவாள், ஆர்விட்டுக்கு அஸ்திவாரம் கிடைக்கும், என்றாவது ஒரு ஜனவரிக் காலையில் கடல் அவர் சமையலறைக்குள் நிற்கும். கிழிக்காவிட்டால் வீடு போகும், சோல்வேயும் போவாள்.

ஐந்தாம் நாள் அந்தத் தாள் கட்டைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன். அந்தத் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன்.

சமையலறை மேஜையில் உட்காரச் சொன்னார். புகையிட்ட சால்மனும் ரொட்டியும் வைத்து, குளிர்பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். உமரி ஊறுகாய். "கடைசி பாட்டில். இதைத் திறக்க மாட்டேன், கண்ணுல மட்டும் பாத்துக்க" என்று சொல்லி மேஜை நடுவில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேல் தாளைப் படித்தார். ஒரு தடவை வேகமாக. பிறகு விரலை வைத்து ஒவ்வொரு வரியாக.

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். சோல்வேயின் சாய்ந்த எழுத்தில் வருடமும், அதன் கீழே '22 அடி' என்றும் இருந்தது. எழுந்து கொட்டகைக்குப் போனார். பாட்டில்கள் உரசும் சத்தம் கேட்டது. காலி பாட்டில்கள் ஐந்தைக் கொண்டுவந்து, வருடப்படி வரிசையாக வைத்தார். லேபிள்களை அவர் கழுவவே இல்லை. 58 அடி. 52. 47. 39. 30. கடைசியில் திறக்காத பாட்டில், 22.

"பாத்தி எவ்வளவு வளந்திருக்குன்னு குறிச்சு வெக்கறான்னு நெனச்சேன்" என்றார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "நான்தான் டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சேன், ரோடா. படியில உக்காந்து நான்தான் பிடிச்சுக்குவேன். 'நல்லா வருது, இல்லே?'ன்னு கேப்பா. 'அடேயப்பா, சீக்கிரம் வீட்டுக்குள்ளயே வந்துடும்'னு நான் சொல்லுவேன். ரெண்டு பேரும் சிரிப்போம்."

"நான் அப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், ஆர்விட். ஜனவரியிலயாவது."

"சொல்லியிருக்கணும்தான்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "வீட்டை விடு. எனக்கு நெஞ்சு சரியாகி எத்தனை வருஷம் ஆச்சு? விறகு பொளந்தேன், கூரை மாத்தினேன். ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? ஒன்பது வருஷம் பக்கத்துல படுத்துக்கிட்டு அவ தனியா பயந்திருக்கா. நான் குறட்டை விட்டிருக்கேன்."

கிளம்பும்போது வாசல்வரை வந்தார், எப்போதும் போல. கொடி அங்கேயே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மே மாதம் மாலை ஆறு மணிக்குப் பொது விசாரணை. புதுக் கோட்டை நகர மன்றம் ஏற்பதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். சுவரில் பெரிய சிவப்புக் கடிகாரம் மூன்றிலிருந்து கீழே ஓடும். கடற்கரைச் சாலைக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஆர்விட் பேசினால் டெஸ்ஸைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார் என்று அவர்களுக்கு நம்பிக்கை. முன் வரிசையில் அவருக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள். டெஸ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அந்தத் தாளை முந்தின நாளே காட்டிவிட்டேன். படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆர்விட் இறுதிச் சடங்குகளுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மைக்கைத் தட்டவில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை.

"ஆர்விட் சுன்ட்பி, கடற்கரைச் சாலை 418. அந்தச் செடியை என் மனைவி நட்டதாச் சொல்லிட்டிருந்தேன். நடல. அது தானா வந்தது. கோடு சரியான இடத்துலதான் இருக்கு. இந்தப் பொண்ணு சரியாத்தான் போட்டிருக்கு." டெஸ்ஸைக் காட்டினார். "இவளுக்கு முன்னாடியே என் மனைவி போட்டுட்டா. என் பெர்மிட் மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்."

அவ்வளவுதான். கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடமும் கொஞ்சமும் இருந்தது. அவர் நகரவில்லை. மைக்கின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். முடிந்ததா என்று மேயர் கேட்கவில்லை. பின்னால் யாரோ ஒரு பெண் அழத் தொடங்கினாள். எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து சைபருக்கு வந்து மணி அடித்த பிறகுதான் அவர் கையை எடுத்தார்.

கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன். வெயில் இன்னும் இருந்தது. யாக்கிமாவிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், சாமான்களைக் கட்ட வேண்டும் என்றார். பாட்டில்கள் போகிற வழியில் உடையாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். செய்தித்தாளில் சுற்றச் சொன்னேன். பழைய பிக்கப் வண்டியின் கதவைத் திறந்தவர், ஏறாமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். உன் தாள்ல இல்ல அது. அன்னைக்குக் கவுன்டர்ல அவ அழுதாளா?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "இல்ல, ஆர்விட்" என்றேன். "சிரிச்சுக்கிட்டேதான் போனாங்க."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"நீயுமா, ரோடா?"

என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. "அழுதாங்க" என்றேன். "கவுன்டர் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு, சத்தமே இல்லாம. நான் டிஷ்யூ பெட்டியை நகத்தி வெச்சேன். வேற ஒண்ணும் செய்யல. அப்புறம் கடிகாரத்தைப் பாத்தாங்க. உங்களுக்கு மாத்திரை குடுக்கற நேரம்னு சொல்லி முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போனாங்க."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"அஞ்சு நிமிஷம்" என்றார். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி இறங்கியிருந்தது. "எனக்குத் தெரிஞ்சு அவ ஒரு தடவைகூட அழுததில்ல. அந்த அஞ்சு நிமிஷமாவது என்கிட்ட அழுதிருக்கலாம்."

சாவியைப் போட்டார், திருப்பவில்லை. அவர் வண்டியைக் கிளப்பும்வரை நான் கதவில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.